இன்னும் பூசலையா?

லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருக்கும் தேசிய நாடக அரங்கத்துக்கு முன்னால் அம்மாவை முதன்முதலாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலும் கீழும் பார்த்தார். இடமும் வலமும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏன்டா, இன்னும் பூச்சு வேலை முடியலையா?"

சிரித்துவிட்டேன், ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. வேலை 1976-லேயே முடிந்து திறப்பு விழாவும் நடந்துவிட்டது, முடிந்த கோலமே இந்த வெறும் கான்கிரீட்தான் என்று எப்படிச் சொல்வது? பூசாத சுவர் என்றால் கையில் காசு தீர்ந்து பாதியில் நிறுத்திய வீடு என்றுதான் நமக்குப் பழக்கம். சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, வெள்ளையடித்தால்தான் அது கட்டடம்.

உண்மையைச் சொன்னால், அம்மாவுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கும் அப்போது இல்லை. என் பிழைப்பே கான்கிரீட்தான். ஆனால் அதில் குறை கண்டுபிடிக்கிற பிழைப்பு. பாலங்கள், கார் நிறுத்தும் கட்டடங்கள், பழைய அலுவலகங்கள் என்று போய், சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பேன். நல்ல கான்கிரீட் 'டங்' என்று திருப்பிப் பேசும். உள்ளே பிளவு விட்டிருந்தால் 'தொப்' என்று ஓட்டைப் பானைச் சத்தம் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பக்கத்தில் விரிசல் அளவியை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விடுவேன்.

அப்படித்தான் சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நகரத்தில் 1960-களில் எழுந்த பல மாடிக் கார் நிறுத்தத்தை மூன்று வாரம் தட்டிப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். அறிக்கை கொடுத்தோம், மற்றவர்களும் என்னென்னவோ கொடுத்தார்கள், கடைசியில் அதை இடித்துவிட்டார்கள். எனக்கு வருத்தமே இல்லை. 'சனியன் ஒழிந்தது' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். ஓராண்டு கழித்து, கூட வேலை பார்த்தவர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "அந்தக் கட்டடத்தோட படம் ஒண்ணு இருக்கா?" இருக்காமல் என்ன? இரண்டாயிரத்துக்கும் மேல் எடுத்திருந்தேனே! கணினியைத் திறந்து தேடினேன். விரிசல், துரு, உதிர்ந்த மூலை, நீர்க்கசிவு, மறுபடி விரிசல். தெருவில் நின்று, இதுதான் அந்தக் கட்டடம் என்று காட்டும்படி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

அந்த வெட்கத்தில்தான் வேலைக்கல்லாத ஒரு கேமராவைக் கையில் எடுத்தேன்.

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும்போலத்தான் எடுத்தேன். வைட் லென்ஸை மாட்டு, சுவரடியில் போய் நில், அண்ணாந்து பார், கறுப்பு வெள்ளையாக்கு, கான்ட்ராஸ்டை ஏற்று, ஆள் யாரும் வராதவரை காத்திரு. நோட்டிங் ஹில் பக்கம் இருக்கும் ட்ரெலிக் டவரை அப்படி எடுத்தால் பார்ப்பவர் மூச்சடைத்துப் போவார். எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்து 1972-ல் முடிந்த 31 மாடிக் குடியிருப்பு அது. லிஃப்டுகளெல்லாம் தனியாக ஒரு ஒல்லிக் கோபுரத்தில் இருக்கும். மூன்று மாடிக்கொரு பாலம் அதை வீடுகளோடு சேர்க்கும். அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் ஏதோ வேற்றுக்கிரகக் கோட்டை மாதிரி வரும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. 1988-ல் அன்றைய இளவரசர் சார்லஸ் தேசிய நாடக அரங்கத்தைப் பற்றி, லண்டன் நடுவில் யாரும் எதிர்க்காமல் அணுமின் நிலையம் கட்ட இது ஒரு சாமர்த்தியமான வழி என்ற பொருளில் கிண்டலடித்தார். அவர் மனசில் இருந்த படமும் என் படமும் ஒன்றுதான்! பெரிய, சாம்பல் நிற, ஆளில்லாத பூதம். அவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார், நான் ஆகா என்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். திட்டுகிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் பத்தடி தள்ளி நின்று ஒரே பூதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிட்டே போனது அம்மாதான். அவருடைய அப்பா தச்சு வேலை செய்தவர். பூச்சு முடியவில்லையா என்று கேட்டதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே, அம்மா அரங்கத்தின் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "இது மரம்டா" என்றார். மரமில்லை, கான்கிரீட் என்றேன். "அது தெரியுது. மரத்தோட ரேகை இருக்கு பாரு. இங்க ஒரு கணு. பலகைக்குப் பலகை கனம் கொஞ்சம் கூடக் குறைய இருந்திருக்கு."

இருந்தது. அந்த வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். சென்ட்ரிங் பலகையின் தடம் கான்கிரீட்டில் பதியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எனக்கு அது குறை இருக்கிறதா, இல்லையா என்று தேடவேண்டிய ஒரு பரப்பு. வடிவமைத்த டெனிஸ் லாஸ்டன் அதை வேண்டுமென்றே செய்தார். இழைக்காத பலகைகளை அடைப்பாக அடித்து, உள்ளே கான்கிரீட்டை ஊற்றி, பலகையைப் பிரித்ததும் எது வந்ததோ அதுவே சுவர். பூசி மறைக்க வழியில்லை. அதனால் சென்ட்ரிங் தச்சருக்குத்தான் கஷ்டம். நம் வேலையிடங்களில் அவர் செய்வதெல்லாம் கடைசியில் பூச்சுக்குள் போய்விடும். இங்கே ஐம்பது ஆண்டுகளாக ஊரே பார்க்க நிற்கிறது.

இந்த வகைக் கட்டடங்களுக்கு வைத்த 'புரூட்டலிசம்' என்ற பெயர் செய்த கேடும் கொஞ்சமில்லை. கேட்டவுடன் முரட்டுத்தனம், கொடூரம் என்றுதான் தோன்றும். பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூ' என்றால் பச்சைக் கான்கிரீட், மேல்வேலை செய்யாத கான்கிரீட், அவ்வளவே. மார்செய் நகரில் 1952-ல் முடிந்த பெரிய குடியிருப்பில் கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியே அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். போருக்குப் பின் எஃகுக்குப் பெரும் தட்டுப்பாடு. கிடைத்த பலகையில், கிடைத்த கைகளால் ஊற்றியதில் சுவர் கரடுமுரடாக வந்தது. அந்தக் கரடுமுரடையே அழகு என்று ஏற்றுக்கொண்டார். பிரிட்டனில் கட்டிடக் கலைஞர் அலிசன் ஸ்மித்ஸன் 1953-ல் 'நியூ புரூட்டலிசம்' என்று எழுதினார், 1955-ல் விமர்சகர் ரெய்னர் பேன்ஹம் அதை ஒரு கட்டுரையாக விரித்தார். வேடிக்கை என்னவென்றால், அப்போது பேன்ஹம் உதாரணம் காட்டிய ஹன்ஸ்டன்டன் பள்ளிக்கூடம் எஃகும் கண்ணாடியும் செங்கல்லும்தான். கான்கிரீட் பூதம் என்ற அர்த்தம் பிறகு ஒட்டிக்கொண்டது.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு நான் படம் எடுக்கும் முறையை மாற்றினேன். கை எட்டும் உயரத்தில், கை எட்டும் தூரத்திலிருந்து ஆரம்பிப்பது. 50 மிமீ லென்ஸ், கலர். கான்கிரீட் சாம்பல் நிறம் என்று யார் சொன்னார்கள்? மணலைப் பொறுத்து மஞ்சள், ஜல்லியைப் பொறுத்து ஊதா, பாசியைப் பொறுத்து பச்சை. மழையில் நனைந்த ஒரு மணி நேரத்துக்கு யானைத்தோல் நிறம். உச்சி வெயில் உதவாது, மேகமூட்டமும் அப்படித்தான். பலகை ரேகையெல்லாம் தட்டையாகிவிடும். வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரவேண்டும். அப்படி வரும் இருபது நிமிடத்தில் ஒவ்வொரு பலகை விளிம்பும் ஒரு மயிரிழை நிழல் போடும். அந்த இருபது நிமிடம் எந்தச் சுவருக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டில் இதைப் பஞ்சாங்கம் என்கிறார்கள்.

பக்கவாட்டு வெயிலின் அருமை லண்டன் பார்பிக்கனில் தெரியும். 1940 டிசம்பர் குண்டுவீச்சில் தரைமட்டமான இடத்தில் சேம்பர்லின், பவல், பான் என்ற மூவர் திட்டமிட்டு, 1965-லிருந்து பத்தாண்டுக்கு மேல் எழுந்த குடியிருப்பு. சுமார் 2,000 வீடுகள், மூன்று கோபுரங்கள், நடுவில் குளம், குண்டுக்குத் தப்பிய பழைய தேவாலயம். கலை மையம் 1982-ல்தான் திறந்தது. இங்கே பலகைத் தடம் கிடையாது. கான்கிரீட் இறுகியபின் ஆட்கள் இயந்திரச் சுத்தியலைக் கையில் பிடித்து, வெளிப்பரப்பு முழுவதையும் கொத்தி, உள்ளிருக்கும் கருங்கல் ஜல்லியை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். முழுவதையும்! கோபுரங்களையும்! நாற்பது மாடிக்கு மேல் சாரத்தில் நின்று கொத்தியவரின் கைகள் இரவில் எப்படி அதிர்ந்திருக்கும் என்று அந்தச் சுவரைப் படமெடுக்கும்போதெல்லாம் நினைப்பேன். உற்றுப் பார்த்தால் கொத்தின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். ஆள் மாறியிருக்கிறார், அல்லது ஆளுக்கு அலுத்திருக்கிறது. இயந்திரத்தனமான கட்டடம் என்று பெயர் வாங்கியது இந்த இடம்தான்! இஷ்டத்துக்கு இடிக்க முடியாதபடி காக்கும் அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறிப் பாதுகாப்புப் பெற 2001 ஆயிற்று.

(பார்பிக்கனில் வழி தவறாமல் யாரும் படம் எடுத்ததில்லை. மேல்நடைபாதைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். வந்தவர்கள் தொலைந்து போகக்கூடாது என்று தரையில் மஞ்சள் கோடே போட்டார்கள். நான் அதையும் மீறித் தொலைந்தவன்.)

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது லண்டனில் இல்லை. வடக்கே லங்காஷயரில், ப்ரெஸ்டன் பேருந்து நிலையம். 1969-ல் திறந்தது. பி.டி.பி. என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் கீத் இங்ஹாமும் சார்லஸ் வில்சனும் வடிவமைத்தார்கள். கீழே பேருந்து, மேலே மாடி மாடியாகக் கார் நிறுத்தம். ஒவ்வொரு மாடியின் ஓரமும் நேராக முடியாமல் மேல்நோக்கி வளைந்து சுருளும். தூரத்திலிருந்து பார்த்தால் தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி. ஒரு பேருந்து நிலையத்துக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். அதுதான் எனக்குப் பிடித்த விஷயமே. விமானப் பயணிக்குக் கொடுக்கும் மரியாதையைப் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு நகராட்சி ஒரு காலத்தில் நினைத்திருக்கிறது.

2012 டிசம்பரில் அதை இடிப்பதென்று நகர மன்றம் முடிவெடுத்தது. அதற்கு முன்பு இரண்டு முறை பாதுகாப்புக் கேட்டுப் போட்ட மனுக்கள் தள்ளுபடியாகி இருந்தன. மூன்றாவது முயற்சியில், 2013 செப்டம்பரில், இரண்டாம் தரப் பட்டியலில் இடம் கிடைத்தது. பழுது பார்த்து 2018-ல் மறுபடி திறந்தார்கள். முன்பு இரு பக்கமும் பேருந்துகள் நின்றன, இப்போது கிழக்குப் பக்கம் மட்டும். மேற்குப் பக்கம் மக்கள் நடமாடும் திடலாகிவிட்டது.

நான் போனது ஒரு திங்கட்கிழமை காலை. முக்காலியை வைத்து, கேமராவின் மட்டம் பார்த்து நின்றேன். மட்டம் முக்கியம். கேமராவை மேலே தூக்கினால் கட்டடம் மல்லாந்து விழப்போவதுபோல் வரும், அந்த மிரட்டல் எனக்கு வேண்டாம். கேமராவைத் தூக்காமலே உயரத்தைப் படத்துக்குள் கொண்டுவரும் ஷிஃப்ட் லென்ஸ் வாங்க வசதியில்லை, அதனால் பின்னால் தள்ளிப் போய் எடுத்து, கீழ்ப்பாதியை வெட்டிவிடுவேன். அன்று வெட்ட மனம் வரவில்லை. கீழ்ப்பாதியில் ஒரு பாட்டி தள்ளுவண்டிப் பையோடு நின்றிருந்தார், இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் ஒரே பொட்டலத்தில் எதையோ தின்றுகொண்டிருந்தார்கள், ஓட்டுநர் ஒருவர் தன் பேருந்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். மேலே அந்த வளைவுகளின் அடிப்புறத்தில் காலை வெயில். ஆளில்லாமல் எடுத்திருந்தால் அந்த வளைவு எவ்வளவு பெரிசு என்றே தெரிந்திருக்காது.

ஆட்கள் என்று சொன்னால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். லண்டன் கேம்டனில் அலெக்ஸாண்ட்ரா ரோடு குடியிருப்பு. நீவ் பிரவுன் வடிவமைத்து 1978-ல் முடிந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை. அந்தப் பக்கம் உயரமான சுவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் படிக்கட்டு மாதிரி மாடி மாடியாகப் பின்வாங்கும். ரயில் அதிர்வு ஏறாமல் இருக்க அஸ்திவாரத்தில் ரப்பர் மெத்தைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் வானம் பார்த்த மாடம், மாடம் முழுக்கச் செடி. கோடையில் கான்கிரீட்டைத் தேடித்தான் எடுக்கவேண்டும். 1993-லேயே, இரண்டாம் தரத்துக்கு ஒரு படி மேலான இரண்டாம் தர நட்சத்திரப் பட்டியலில் ஏறியது. போருக்குப் பிந்தைய நகராட்சிக் குடியிருப்புகளில் அப்படி ஏறியது இதுதான் முதல். ஆனால் கட்டிய காலத்தில் செலவு எகிறியதில் அவ்வளவு கெட்ட பெயர். அதற்குப் பிறகு பிரிட்டனில் அவர் ஒரு கட்டடமும் கட்டவில்லை. கட்டடக் கலைக்கான பிரிட்டனின் பெரிய விருதான ராயல் தங்கப் பதக்கத்துக்கு, 2018-ஆம் ஆண்டுக்கு, அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் காலமானார்.

அங்கே படமெடுக்கும்போது எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜன்னலுக்குள் பார்க்கும் கோணம் வேண்டாம். அது ஊர் பார்க்க வைத்த சிற்பமில்லை, யாரோ துணி காயப்போடும் இடம். ஒருமுறை, அங்கேயல்ல, வேறொரு நகரத்தின் 'பொதுச் சதுக்கத்தில்', காவலாளி வந்து இது தனியார் நிலம், முக்காலி கூடாது என்று விரட்டினார். பூதம்போல் இருக்கும் இந்தப் பழைய இடங்களில் என்னை இதுவரை யாரும் விரட்டியதில்லை.

தாமதமாகப் போய் ஏமாந்த இடங்களும் உண்டு. போர்ட்ஸ்மத் ட்ரைகார்ன் சென்டர் என்ற கடை வளாகம் 2004-ல் இடிபட்டுப் போயிற்று. கேட்ஸ்ஹெட் கார் நிறுத்தம் 2010-ல். இரண்டும் ஓவன் லூடர் அலுவலகத்தில் ராட்னி கோர்டன் வடிவமைத்தவை. ஜான் மேடினின் பர்மிங்ஹாம் மத்திய நூலகம் 1974-ல் திறந்து, 2016-ல் இடிந்து முடிந்தது. ஸ்மித்ஸன் தம்பதி வடிவமைத்த கிழக்கு லண்டன் ராபின் ஹுட் கார்டன்ஸ் குடியிருப்பை 2017-ல் இடிக்கத் தொடங்கியபோது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதிலிருந்து ஒரு துண்டை வாங்கி, மறு ஆண்டு வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் வைத்தது. 213 வீடுகள் குடியிருக்க லாயக்கில்லை, அதில் ஒரு துண்டு மட்டும் அருங்காட்சியகத்துக்கு லாயக்கு! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் எல்லாவற்றையும் காப்பாற்று என்று கொடி பிடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். சுத்தியலை நான் கீழே போடவில்லை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே வரும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாக்கு குறைவாக இருந்தால் சீக்கிரம் எட்டிவிடும். அப்புறம் துரு ஊதும், ஊதிய துரு மேல்பரப்பைப் பிதுக்கித் தள்ளும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். ஒழுகும் தட்டைக் கூரைகள், குளிரை அப்படியே உள்ளே கடத்தும் மாடங்கள், வேலை செய்யாத லிஃப்ட். அங்கே வாழ்ந்தவர் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால், படமெடுக்கப் போன எனக்கு மறுத்துப் பேச உரிமை இல்லை.

ஆனால் ஒரு குழப்பத்தை மட்டும் பிரித்துச் சொல்வேன். 1968 மே மாதம் கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோல் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் வார்த்த பலகங்களைக் கொண்டுவந்து அடுக்கிய கட்டடம். சிக்கல் அந்த இணைப்புகளில் இருந்தது. பலகை அடித்து, நின்ற இடத்தில் ஊற்றி, கையால் கொத்திய கட்டடங்களின் கதை வேறு. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் உயரம் என்பதால் அந்தப் பழி இவற்றின் தலையிலும் விழுந்தது. இன்னொன்று, நான் தட்டிப் பார்த்தவற்றில் பாதிக்கு நோய் வயது அல்ல. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். ஐம்பது ஆண்டு யாரும் குழாயைக் குத்திவிடாமல், கடைசியில் கறை படிந்த சுவரைக் காட்டிக் கட்டிடக் கலைஞரைத் திட்டுகிறோம்.

போன மாதம் அந்தப் பழைய இரண்டாயிரம் படங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்காவது ஒரு ஓரத்தில் கட்டடம் எட்டிப் பார்க்காதா என்ற நப்பாசை. ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு படம். மூன்றாம் மாடிப் படிக்கட்டுச் சுவர். நடுவில் என் சாக்பீஸ் வட்டம், அதற்குள் 0.3 மிமீ விரிசல். வட்டத்துக்கு மேலே, அப்போது நான் கவனிக்காத இடத்தில், பலகை ரேகை. ஒரு கணு. இரண்டு பலகை சேரும் இடத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ.

அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, இது என்னவென்று தெரிகிறதா என்று கேட்டேன். பெரிதாக்கிப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு குரல் பதிவு வந்தது.

"ஆணித் தலைடா. ஒண்ணு கோணலாப் போயிருக்கு, பக்கத்துல இன்னொண்ணு அடிச்சிருக்கான்."